மூன்று கறுப்பு வரித் தொப்பி

எனக்கு வாய் நீளம். கைவேலை அதைவிடச் சுத்தம் என்று நானே சொல்லிக்கொண்டு திரிந்த வயதில் நடந்தது இது. மூன்றாம் வகுப்போடு நின்ற படிப்பு, எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும். இருந்தாலும் இதை வேறு யாரிடமும் சொல்லி எழுத வைக்க எனக்கு மனம் வரவில்லை. சொல்லும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்குமே.

எங்கள் ஊர் தேவாரத்துக்கும் கோம்பைக்கும் இடையில், மலைக்குக் கீழே இருக்கிறது. வாசலில் நின்று தலையை நிமிர்த்தினால் மலைதான். மலைக்கு மேலே ஏலத்தோட்டங்கள். வைகாசி கடைசியில் ஆண்கள் மெட்டுப் பாதையில் மலையேறிப் போவார்கள், தை பிறக்கும்போது இறங்குவார்கள். போன அத்தனை பேரும் இறங்குவார்கள் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. மலைக்காய்ச்சல் வருசத்துக்கு நாலைந்து பேரையாவது வைத்துக்கொள்ளும். அதற்காகப் போகாமல் இருக்க முடியுமா? மானாவாரியில் சோளம் பொய்த்துவிட்டால் மலைதான் கஞ்சி ஊற்றியாக வேண்டும்.

மேலே மழை கொட்டாது. நூல் பிடித்ததுபோல் விடாமல் இறங்கிக்கொண்டே இருக்கும். சாக்கை மடித்துக் கொங்காணி போட்டால் அது நனைந்து கனத்துக் கழுத்தை அமுக்கும். பனை ஓலைத் தொப்பி என்றால் தண்ணீர் விளிம்பில் வழிந்து போய்விடும், இரண்டு கையையும் களைவெட்டுக்கு விடும். அதனால் மலைக்குப் போகிற ஒவ்வொருவனுக்கும் ஒரு தொப்பி வேண்டும். அதை எங்கள் தெருவில் முடைந்தவள் நான்.

கண்மாய்க்கரைப் பனைகளில் குருத்தோலை வெட்டி, ஈர்க்கை உரித்து, வெயிலில் வெளுக்கப் போட்டு, கீற்றாக வகிர்ந்து எடுத்துக்கொள்வேன். உச்சியில் பின்னலைத் தொடங்கி, மண் கலயத்தைக் கவிழ்த்து அதன்மேல் போட்டு, கலயத்தை ஒட்டிக் கீழே முடைந்து இறங்க வேண்டும். கலயம்தான் தலை. என்னிடம் இரண்டு கலயங்கள் இருந்தன, சின்னது ஒன்று, பெரியது ஒன்று. ஆளின் தலையை ஒரு ஓலைக்கீற்றால் சுற்றி அளந்து பார்த்து, எந்தக் கலயம் என்று முடிவு செய்வேன். கடைசியில் விளிம்பை விரித்து மடித்து, மட்டையிலிருந்து உரித்த நாரால் தைத்துவிட்டால் தொப்பி மூன்று மழைக்காலம் தாங்கும்.

ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு அடையாளம் உண்டு. கடுக்காயும் இரும்புத்துருவும் போட்டுக் கறுப்பாக்கிய கீற்றை நடுவே கொடுத்து முடைவேன். எங்கள் வீட்டுக்கு மூன்று கறுப்பு வரி. பக்கத்து வீட்டுக்கு ஒரே வரி, உச்சியில் மட்டும் குறுக்கே ஒரு கோடு. அழகுக்காகச் செய்கிற வேலை இல்லை இது. மேலே செத்தவனை மேலேயே புதைத்துவிடுவார்கள். அந்த ஒற்றையடிப் பாதையில் பிணத்தை யார் சுமந்து இறங்குவது? தொப்பி மட்டும் இறங்கி வரும். அதை ஓடைக்கரையில் வைத்து எரித்துத்தான் இங்கே காரியம் செய்வோம். "தலை வரலேன்னா தொப்பி வரணும்" என்பார்கள் எங்கள் பக்கத்தில். தொப்பி எரியாதவனுக்குக் கருமாதி கிடையாது. அவன் எங்கும் போய்ச் சேராமல் மெட்டுப் பாதையிலேயே நனைந்துகொண்டு நிற்பான் என்று நம்பிக்கை. நானும் நம்பினேன்.

யுத்தம் தொடங்குவதற்கு ஓரிரு ஆண்டு முந்தி இருக்கும். எங்கள் தெருவிலிருந்து என் வீட்டுக்காரரும் பக்கத்து வீட்டுக்காரரும் ஒரே தோட்டத்துக்குப் போவதாக ஏற்பாடு. இரண்டு பேரும் மாமன் மச்சான் முறை, மாப்ள மாப்ள என்று கூப்பிட்டுக்கொள்வார்கள். அந்த வீட்டுப் பெண் என்னை மதினி என்பாள். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவள், அதிகம் பேசமாட்டாள். அப்போது மூன்று மாதம் முழுகாமல் இருந்தாள்.

என் வீட்டுக்காரருக்குத் தலை சின்னது. ஆனால் துண்டை உருமாலாகக் கட்டி அதற்கு மேல்தான் தொப்பி வைப்பார். அதனால் அவருடையதைப் பெரிய கலயத்தில் முடைந்து முடித்தேன். மறுநாள் ஆடு முட்டிப் பெரிய கலயம் உடைந்துவிட்டது. குயவர் வீடு பக்கத்து ஊரில், போய்வர ஒரு பொழுது ஆகும். மெட்டேற இரண்டு நாள்தான் இருந்தது. போயிருக்கலாம். எனக்குச் சோம்பல். பக்கத்து வீட்டுக்காரருக்குப் பூசணிக்காய்போல் பெரிய தலை என்று தெரிந்தும் சின்னக் கலயத்தில் முடைந்து கொடுத்தேன்.

அவள் தொப்பிக்குள் கையை விட்டுப் பார்த்தாள். "சின்னதா இருக்குமோ மதினி?"

வேலையில் குறை சொன்னால் எனக்குப் பொறுக்காது. "ஒம் புருசன் தலைக்குள்ள அப்படி என்னத்த அடைச்சு வச்சிருக்காரு? மலைக்குப் போனா எல்லாத் தலையும் போகப் போக அடங்கிரும், போத்தா" என்றேன்.

அவள் சிரித்துவிட்டு வாங்கிப் போனாள்.

ஆவணி மாதம் ஒரு நடுப்பகலில் ராவுத்தர் வந்தார். மலையிலிருந்து ஏலக்காய்ப் பொதியைக் கழுதைகளில் ஏற்றி இறக்குகிறவர், உத்தமபாளையத்துக்காரர். எங்கள் தெருவுக்குள் அவர் கழுதை இல்லாமல் வந்தாலே பெண்கள் வாசலுக்கு வந்துவிடுவார்கள். கையில் வெள்ளைத் துணி சுற்றிய ஒன்றை வைத்திருந்தார். ஒவ்வொரு வீடாகக் கடந்து வந்து என் வாசலில் நின்றார்.

"ஆத்தா, தோட்டத்துக் கங்காணி குடுத்துவிட்டாக. அடையாளம் சரிதானான்னு பாத்துக்கங்க" என்று சொல்லித் துணியை விரித்தார்.

மூன்று கறுப்பு வரி. இரண்டாவது வரியில் ஒரு இடத்தில் கீற்றுப் புரண்டிருந்தது. முடையும்போதே அதைப் பார்த்தேன், பிரித்து மறுபடி போடச் சலித்துக்கொண்டு விட்டுவிட்டேன். என் கைப்பிழையே எனக்குச் சாட்சி சொன்னது. அந்த ஆண்டு தோட்டத்துக்குப் புதுக் கங்காணி, ஆட்களின் பேர் அவருக்குத் தெரியாது. கொட்டகையில் வரிசையாகக் காய்ச்சலில் கிடப்பார்கள், தலைமாட்டில் அவரவர் தொப்பி. காலையில் எவனுக்கு மூச்சு இல்லையோ அவன் தலைமாட்டுத் தொப்பியை ராவுத்தரிடம் கொடுத்துவிடுவார்கள். அவ்வளவுதான் விசாரணை.

தொப்பியை எரித்தோம். பதினாறாம் நாள் என் தாலியை வாங்கினார்கள். இழவு விழுந்த வீட்டு வாசலை முழுகாமல் இருக்கிற பெண் மிதிக்கக் கூடாது என்று பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பெரியவர்கள் தடுத்தார்கள். அவள் கேட்கவில்லை. பதினாறு நாளும் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்து, நான் குடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருப்பாள். ஆறுதல் சொல்ல அவளுக்குத் தெரியாது. சட்டியைக் கழுவி எடுத்துக்கொண்டு போய்விடுவாள். என் கூடப்பிறந்தவர்கள்கூட ஒரு வாரத்தில் கிளம்பிவிட்டார்கள்.

ஐப்பசியில் ஒரு நாள் நான் குருத்தோலை வகிர்ந்துகொண்டிருந்தேன். அவள் கண்மாயிலிருந்து ஓடி வந்தாள். ஏழு மாதம் தாண்டிய வயிறு. இடுப்பில் குடம் இல்லை, சேலை முழுக்க ஈரம். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகமெல்லாம் கண்ணீர்.

"மதினி, அண்ணே வாராக. கரைமேல நடந்து வாராக."

பைத்தியமா என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டிக்கொண்டே அழுதாள். எனக்காக அழுகிறாள் என்று நினைத்தேன். இன்றைக்கும் அந்த நினைப்பை எண்ணும்போது என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருக்கிறது.

அவர் வந்தார். எலும்பும் தோலுமாக, கண் மஞ்சளாகி, தடி ஊன்றிக்கொண்டு. தெருவே கூடிவிட்டது. காரியம் முடிந்த ஆளை அப்படியே வீட்டுக்குள் விடக் கூடாது என்று மஞ்சள் தண்ணீரில் குளிப்பாட்டி, பிறந்த பிள்ளையைக் கொண்டுவருவதுபோல் முறத்தில் நெல் வைத்து அழைத்தார்கள். நான் அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. அவர் முழங்கையைப் பிடித்தவள் விடவே இல்லை.

கூட்டம் கலைந்தபின்தான் அவர் மூட்டையைப் பார்த்தேன். முதுகில் தொங்கவிட்டு வந்ததைத் திண்ணை மூலையில் போட்டிருந்தார், ஆளைப் பார்த்த அதிசயத்தில் அதை யாரும் கவனிக்கவில்லை. மூட்டையோடு சேர்த்துக் கட்டியிருந்த தொப்பியில் ஒரே ஒரு கறுப்பு வரி. உச்சியில் குறுக்குக் கோடு.

"இது எப்படி ஒங்ககிட்ட?" என்றேன்.

"மாப்ளைக்கு அது தலையில எறங்கல. நெத்தியெல்லாம் புண்ணாப்போச்சு. எனக்குத் துண்ட அவுத்துட்டா இது சரியா இருந்துச்சு. மாத்திக்கிட்டோம். மறுநாளே என்னை ரெண்டு மல தாண்டி வேற தோட்டத்துக்கு அனுப்பிச்சுட்டாக. அங்கன காய்ச்சல்ல விழுந்தவன் இப்பத்தான் எந்திரிச்சேன். மாப்ள நல்லாருக்காரா? சேதி உண்டா?"

தெருவில் அவரிடம் யாரும் தொப்பி வந்த கதையை முழுதாகச் சொல்லவில்லை, செத்துப் போனதாகத் தப்புச் சேதி வந்தது என்றுதான் சொல்லியிருந்தார்கள். நான் சொன்னேன். மூன்று வரித் தொப்பி வந்ததையும், அதை எரித்ததையும். அவர் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து தடியை எடுத்தார்.

"எங்கன போறீக?"

"தங்கச்சிகிட்டச் சொல்லணும்ல."

நான் கதவை மறித்து நின்றேன். "வயித்துப் பிள்ளக்காரி. பிள்ளயப் பெத்து எந்திரிக்கட்டும். அதுவரைக்கும் ஒங்க தொப்பி தொலஞ்சுபோச்சுன்னு சொல்லுங்க. வேற எவனோ எடுத்திருக்கான்னு சொல்லுங்க."

வயிற்றுப் பிள்ளைக்காக என்று அவரிடம் சொன்னேன். எனக்கே அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். உண்மை அது இல்லை. எனக்குப் பயம். தன் சாவைத் தொப்பியோடு கழற்றி அடுத்தவன் தலையில் வைத்துவிட்டு வந்தவன் என்று ஊர் பேசும். செத்தவருக்குத் தலைக்குச் சேராத தொப்பியை முடைந்தவள் யார் என்று அடுத்த கேள்வி வரும். அதற்கும் மேலே ஒன்று இருந்தது. புருசன் திரும்பி வந்த வீட்டில் எனக்கு அன்றைக்குச் சந்தோசமாக இருந்தது. செத்தது அவர் இல்லை, பக்கத்து வீட்டுப் பெண்ணின் புருசன் என்று தெரிந்த பிறகும் சந்தோசமாகத்தான் இருந்தது. அந்தச் சந்தோசத்தை ஒரு நாளாவது, இரண்டு நாளாவது வைத்துக்கொள்ள ஆசைப்பட்டேன்.

அந்த ஒரு வரித் தொப்பியை நான்காக ஒடித்து அடுப்பில் வைத்தேன். அதில் அவருக்கு வெந்நீர் போட்டேன்.

நாலு நாள் கழித்து அவள் வந்தாள். உட்காரச் சொன்னேன், நின்றுகொண்டே பேசினாள்.

"மதினி, பிள்ள பொறக்குறதுக்குள்ள அவுகளுக்கு ஒரு தொப்பி வேணும். பெரிய கலயத்துல போட்டது."

"இப்ப எதுக்கு?"

"போன தடவ சின்னதாப் போச்சுல்ல."

என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்போது சொல்லியிருக்க வேண்டும். அதற்காகவே கொடுத்த வழி அது, எனக்கு உறைக்கவில்லை. பேசாத பெண், வெகுளி, ராவுத்தரிடம் மலைக்குக் கொடுத்துவிடப் போகிறாள் என்று எண்ணிக்கொண்டேன். சரி என்றேன். அளவு என்ன என்று கேட்கக்கூட வாய் வந்தது எனக்கு. அவள் தன் இரண்டு கையையும் வட்டமாகப் பிடித்துக் காட்டினாள். புருசன் தலையைப் பிடித்துப் பழகிய கை. அதில் கீற்றைச் சுற்றி அளந்துகொண்டேன்.

மறுநாள் குயவர் வீட்டுக்குப் போனேன். வைகாசியில் போகாத கால் அன்றைக்குப் போனது. பெரிய கலயம் வாங்கி வந்து முடைய உட்கார்ந்தேன். செத்தவனுக்குத் தொப்பி முடைகிறோம் என்று கைக்குத் தெரியும்போல, கீற்று விரலை அறுத்துக்கொண்டே இருந்தது. அவள் தினமும் ஒரு தடவை வருவாள். எவ்வளவு ஆயிற்று என்று பார்ப்பாள். உச்சிக் கோடு வந்துவிட்டதா, ஒற்றை வரி வந்துவிட்டதா என்று பார்ப்பாள். கொஞ்ச நேரம் நிற்பாள். நான் ஏதாவது பேச வேண்டும் என்பதற்காக மழையைப் பற்றிப் பேசுவேன். அவள் போய்விடுவாள். என் வீட்டுக்காரர் அவள் வரும் நேரம் பார்த்துக் கொல்லைப் பக்கம் போய்விடுவார். "சொல்லிரு புள்ள, சொல்லிரு" என்பதைத் தவிர அந்த நாட்களில் அவர் என்னிடம் வேறு பேச்சே பேசவில்லை.

ஐந்தாம் நாள் விளிம்பையும் மடித்துத் தைத்து முடித்துவிட்டேன். அவள் வந்து வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். உள்ளே கையை விட்டாள், இரண்டு கையும் தாராளமாகப் போயின.

"முடிச்சிட்டீகளா" என்றாள். "வெளிம்பு வரைக்கும் வரமாட்டீகன்னு பாத்தேன்."

எனக்குப் புரியவில்லை.

"அண்ணே கரைமேல வந்தப்ப நாந்தான் மொதல்ல பாத்தேன். முதுகுல எங்க வீட்டுத் தொப்பி தொங்குச்சு. கொடத்தப் போட்டுட்டு ஓடியாந்தேன். நீங்களாச் சொல்லுவீகன்னு நாலு நாள் இருந்தேன். சொல்லல. தொப்பி போடச் சொன்னாலாச்சும் சொல்லுவீகன்னு வந்தேன்." மூச்சு வாங்கியது அவளுக்கு. "தல போகப் போக அடங்கிரும்னீக மதினி. அடங்கிருச்சு."

சத்தம் போட்டுத் திட்டியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். அவள் குரல் ஏறவே இல்லை.

"அந்தத் தொப்பியக் குடுங்க. நான் போய் எரிக்கணும்."

நான் அடுப்பைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள். சாம்பல் அள்ளி எத்தனையோ நாள் ஆகிவிட்டது. அதில் பாத்திரம் தேய்த்திருக்கிறேன்.

அவள் அடுப்பைப் பார்த்தபடியே பேசினாள். "அவுக தலையில இருந்தது ஒங்க வீட்டு அடையாளத்துல எரிஞ்சுச்சு. எங்க வீட்டு அடையாளம் ஒங்க அடுப்புல எரிஞ்சுச்சு. அப்ப அவுகளுக்குன்னு என்ன எரிஞ்சுச்சு மதினி?"

புதுத் தொப்பியைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். "இதுதான் இருக்கு. இது அவுக தலைக்குச் சரியா இருக்கும்."

அன்றைக்கே ஊருக்குத் தெரிந்துவிட்டது. தொப்பி எரிப்பில் பிணம் இல்லாததால் பெண்களும் ஓடைக்கரைக்குப் போகலாம். ஆனால் வயிற்றில் பிள்ளையோடு நெருப்பு முன்னால் நிற்கக் கூடாது என்று அவளைப் பிடித்து இழுத்தார்கள். பதினாறு நாள் என் வீட்டுக்கு வந்தபோது கேட்காதவள், அன்றைக்கும் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் கூட்டத்துக்குப் பின்னால் வேட்டியைத் தலையோடு போர்த்திக்கொண்டு நின்றார். அந்தக் காய்ச்சல் அவருக்கு விட்டு விட்டு வந்துகொண்டே இருந்தது. இன்னும் பல ஆண்டு இருந்தார், மலைக்கு மட்டும் மறுபடி போகவில்லை. தலையில் எதையும் வைக்கவும் இல்லை.

விராட்டியை அடுக்கி, அதன்மேல் தொப்பியை வைத்து நெருப்பு வைத்தார்கள். விராட்டி பற்றியது, தொப்பி பற்றவில்லை. முடைய வேண்டி நான் தண்ணீர் தெளித்துத் தெளித்துப் பதமாக்கிய ஓலை, ஈரம் இன்னும் காயவில்லை. வெள்ளைப் புகையாக வந்தது. கெட்டியாக முடைந்திருந்தேன், நெருப்பு உள்ளே நுழைய ஒரு இடுக்கு இல்லை. ஒருத்தர் எண்ணெய் எடுத்துவர ஓடினார். புகை அவள் முகத்திலேயே போய் அடித்தது. அவள் நகரவில்லை, இருமவும் இல்லை.

எண்ணெய் வரும்வரை அவள் காத்திருக்கவில்லை. கூட்டத்தில் என்னைத் தேடி, "ஊதுங்க மதினி" என்றாள்.

நான் முட்டிபோட்டு உட்கார்ந்து ஊதினேன். கண் எரிந்தது, தலை சுற்றியது. உச்சியிலிருந்த கறுப்புக் கோடு கடைசியாகப் பற்றும்வரை அவள் நின்று பார்த்தாள். அதுவரை ஊதிக்கொண்டே இருந்தேன்.